அவ கேட்டா, அவிய சொன்னாவ

அந்த ஜன்னல அடைக்காதம்மா, கொஞ்சம் காத்து வரட்டும். வெயிலு இன்னும் ஏறல. நீ பாளையங்கோட்டைக்கா? காலேஜா, வேலையா? காலேஜா, சரி. ஒன் கழுத்துல சிலுவைச் செயினப் பாத்துட்டுதான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன். நம்ம பிள்ளைன்னா பேசிக்கிட்டுப் போவலாம்லா.

எனக்கு நேசபுரம். பேரு அன்னபுஷ்பம். அந்தா, டிரைவருக்குப் பின்னால வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு இருக்காவ பாரு, அவியதான் எங்க வீட்டுக்காரவிய. ஞானதாஸ்னு பேரு. ஆனா அந்தப் பேரச் சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. பி.டி. சார்னு கேட்டாத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்கு விளையாட்டு சொல்லிக் குடுத்தவிய. ரிட்டயர் ஆயாச்சி. காது மட்டும் நல்லா கேக்கும், அதான் மெதுவாப் பேசுதேன்.

ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. நீ படிக்கிற பிள்ள, வெளியூர்ப் பிள்ள, எங்க ஊர்க்காரிய மாதிரி ஒரு பக்கமாப் பேச மாட்ட. ஒருத்தி வருசக்கணக்கா முழங்கால்ல நிக்கா. வெள்ளிக்கிழம தவறாம உபவாசம். பச்சத் தண்ணி பல்லுல படாது. கண்ணீரோட கேக்கா, விடாம கேக்கா, போராடுதா. இன்னொருத்தி நேத்து வந்தவ. நாற்காலில சாஞ்சு உக்காந்துகிட்டு ரெண்டு வார்த்த பேசுதா. ஆண்டவரு யாருக்குப் பதில் குடுக்கணும்? நீயே சொல்லு.

ரெண்டு பேருக்குந்தானா? அது சரி. ஐயரம்மாவும் அப்படித்தான் சொன்னாவ. எங்க பாஸ்டரு வீட்டம்மாவத்தான் சொல்லுதேன். சொல்லுறவியளுக்கு லேசா இருக்கு.

இரு, மொதல்ல இருந்து சொல்லுதேன்.

எங்களுக்கு ஒரே பையன். ஆல்வின். பாலிடெக்னிக்ல படிச்சிக்கிட்டு இருந்தான். ஒரு லீவு நாள்ல கூட்டாளியளோட ஆத்துக்குக் குளிக்கப் போனான். ஆத்துல மணல் அள்ளிப் பள்ளம் கெடந்திருக்கு. மேல பாத்தா இடுப்பளவுத் தண்ணி மாதிரி தெரியும், கால வச்சா ஆள முழுங்கிரும். மத்தவனுவ எல்லாரும் கரையேறிட்டானுவ. இவன் ஏறல. இவனுக்குத்தான் அவனுவ எல்லாரையும்விட நல்லா நீந்தத் தெரியும்.

நீ முகத்த அப்படி வைக்காதம்மா. அது நடந்து வருசமாச்சி. நான் அழ மாட்டேன். அன்னைக்கே நான் அழலியே.

மெய்தான் சொல்லுதேன். அடக்கம் பண்ணி அடுத்த ஞாயித்துக்கிழம கோயில்ல சாட்சி சொல்லுற நேரம் வந்திச்சி. நான் எந்திரிச்சேன். சபையே என்னப் பாக்குது. ஆண்டவர் தந்த பிள்ளைய ஆண்டவரே கூப்பிட்டுக்கிட்டாரு, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவருக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கல. பொம்பளைய பக்கம் எல்லாரும் முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதாளுவ. அப்ப இருந்த ஐயரு அதையே வச்சு அன்னைக்குப் பிரசங்கம் பண்ணினாவ. விசுவாசம்னா இதுன்னு சொன்னாவ. பக்கத்து ஊர்ச் சபையள்ல எல்லாம் அதப் பேசினாவளாம்.

எங்க வீட்டுக்காரவிய அந்தப் பிரசங்கத்துக்கு நடுவுல எந்திரிச்சு வெளிய போனாவ. மயக்கமா இருக்கும்னு நினைச்சேன். அன்னைக்குப் போனவியதான். அதுக்கப்பொறம் கோயிலுக்குள்ள கால வைக்கல.

நான் ஏன்னு கேக்கல. கேக்கணுமா? தெரிஞ்ச விசயந்தான. பிள்ள போன கோவம். ஆண்டவர் மேல கோவம். ஆம்பளைக்கு விசுவாசம் அவ்வளவுதான். நான் அத ஜெபத்துல வச்சிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் என்ன பைக்குல கூட்டியாந்து கோயில் வாசல்ல இறக்கி விடுவாவ. எதுத்தாப்ல தங்கையா டீக்கடை இருக்கு. அந்த பெஞ்சுல உக்காந்துக்கிடுவாவ. ஆராதனை முடிஞ்சதும் என்ன ஏத்திக்கிட்டு வீட்டுக்கு. வழியில அவியளும் பேச மாட்டாவ, நானும் பேச மாட்டேன். நான் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே வருவேன்.

வீட்டுலயும் நான் ஒரு ஒழுங்கு வச்சிருந்தேன். பிள்ளையப் பத்திப் பேசி அழுறது கெடையாது. அழுதா நம்பிக்கை இல்லாதவிய மாதிரி ஆயிரும். போட்டோவ எடுத்துப் பீரோல வச்சிட்டேன். அவன் ரூமச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடிச்சி, ஜெப அறையா ஆக்கினேன். ஒரு பாயி, ஒரு ஸ்டூலு, செவுத்துல ஒரு வசனம். ஐயரு வந்து அர்ப்பணிப்பு ஜெபம் பண்ணிக் குடுத்தாவ. இவிய அன்னைக்கு ஊர்ல இல்ல. வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாவ. அவிய அதுக்குள்ள வரதில்ல. நான் ஒருத்திதான்.

அந்த அறையில நான் போராடின போராட்டம் ஆண்டவருக்குத்தான் தெரியும். இவியள கோயிலுக்குள்ள கொண்டு வந்து சேரும், நற்கருணைப் பந்தில எனக்குப் பக்கத்துல முழங்கால் போட வையும். இதுதான் ஒரே ஜெபம். காய்ச்சலா கெடந்தாலும் விட்டதில்ல. இந்தா பாரு, சேலயால மறைச்சிக்கிட்டுக் காட்டுதேன், முழங்கால் தோல் எப்படித் தடிச்சுப் போயிருக்குன்னு. செருப்புத் தைக்கலாம். ஊர்ல எந்த வீட்டுல ஒரு கஷ்டம்னாலும் அன்னபுஷ்பத்தக்காகிட்ட ஜெபத்துக்குச் சொல்லுங்கன்னுதான் சொல்லுவாளுவ. வெள்ளிக்கிழம உபவாசக் கூட்டம் நான்தான் நடத்துதேன். பெருமைக்குச் சொல்லல.

அப்பத்தான் அவ வந்தா.

ஜாய்ஸ்னு பேரு. எங்க ஊர்ப் பொண்ணுதான், பம்பாய்ல கெட்டிக் குடுத்திருந்தாவ. மாப்பிள்ள நெஞ்சுவலில போயிட்டாரு. பிள்ளைய இல்ல. தாய் வீடு சும்மாதான பூட்டிக் கெடக்குன்னு இங்க வந்துட்டா. எனக்கு பத்து வயசு இளையவளா இருப்பா. விதவை மாதிரி உடுத்த மாட்டா. கத்திரிப்பூக் கலரு, கிளிப்பச்ச, அப்படித்தான் சேல. சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நான் குத்தமாச் சொல்லல, உள்ளதச் சொல்லுதேன்.

வெள்ளிக்கிழமக் கூட்டத்துக்கு வந்தா. வாம்மான்னு நான்தான் கூப்பிட்டேன். வந்தவ முழங்கால் போட மாட்டேங்கா. மூட்டுத் தேய்மானமாம். நாற்காலி கேட்டா. குடுத்தேன். அவ முறை வந்திச்சி, ஜெபம் பண்ணுன்னு சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பாத்துக்கோங்க, ஆமென்." அவ்வளவுதான். நாங்க எல்லாம் கண்ணத் தொறந்து பாக்கோம், இன்னும் வரும் வரும்னு. ஒண்ணும் வரல. முடிச்சிட்டா.

அந்த வாரம் எங்க கூட்டத்துக்கு வார டெய்சி மகளுக்குப் பிரசவம் சிக்கலாயி, எல்லாரும் ஜெபத்துல இருந்தோம். பிள்ள சுகமாப் பொறந்துட்டு. டெய்சி என்ன சொல்லுதா, ஜாய்ஸ் ஆஸ்பத்திரில வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, அந்த நிமிசமே எனக்குச் சமாதானம் வந்துட்டுன்னு. நான் வீட்டுல சாப்பிடாம முழங்கால்ல கெடந்தேன். அது யாருக்கும் தெரியல. அடுத்தது ஐயரு மகளுக்கு டைபாய்டு. ஜாய்ஸ் போயி கஞ்சி காச்சிக் குடுத்தா. காய்ச்சல் விட்டுட்டு. ஒடனே ஜாய்ஸ் ஜெபம், ஜாய்ஸ் ஜெபம். ஏம்மா, காய்ச்சல் எத்தனை நாளைக்கு இருக்கும், அது விடுற நேரத்துல இவ போயி நின்னுக்கிட்டா. நான் உழுது, வெதச்சி, தண்ணி பாய்ச்சின வயலு. கதிரறுக்கிற அன்னைக்கு அவ அருவாளோட வந்து நிக்கா.

பொறாமைன்னு நினைச்சிராத. எனக்கு யார் மேலயும் பொறாம கெடையாது. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்லா, அதச் சொல்லுதேன்.

சரி, இதெல்லாம்கூட போவட்டும். இப்பத்தான் விசயத்துக்கு வாறேன்.

அவளுக்கு நடந்து வர முடியாது, ஆட்டோல வருவா. ஞாயித்துக்கிழம சீக்கிரமா வந்துட்டா தங்கையா கடையில டீ குடிப்பா. பொம்பள டீக்கடை பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கா. பம்பாய்ல அப்படிப் பழக்கமாம். அந்த பெஞ்சுலதான் இவியளும் உக்காந்திருப்பாவ. மொதல்ல வணக்கம் சார்னு சொல்லிருக்கா. பொறவு ஏதோ ரெண்டு பேச்சு. டெய்சிதான் வந்து என்கிட்ட சொன்னா. "எக்கா, ஜாய்ஸும் சாரும் பேசிக்கிட்டு இருந்தாவ, சாரு கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தாவ"ன்னு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. சீ, நீ நினைக்க மாதிரி இல்ல. அந்த மாதிரிச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்ல. அவிய அந்த மாதிரி ஆளும் இல்ல, அவளும் அந்த மாதிரி இல்ல. அப்படி இருந்திருந்தா நல்லாருந்திருக்கும், தெருவுல நின்னு சண்ட போட்டிருக்கலாம். இதுக்கு என்ன சண்ட போட? என் வீட்டுக்காரரு ஒன் முன்னால ஏன் அழுதாருன்னா? என் முன்னால அவிய அழுததே இல்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இல்ல.

நான் ஒண்ணும் கேட்டுக்கிடல. ஜெபத்துல வச்சேன்.

அப்பொறம் ஒரு ஞாயிறு. சாதாரண ஞாயிறுதான், பண்டிகையும் இல்ல ஒண்ணும் இல்ல. காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சோம். பின்னால ஒரு இருமல் சத்தம். அந்த இருமல எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தா, கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துல இவிய நிக்காவ. கைய எங்க வைக்கன்னு தெரியாம பெஞ்சப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ. பாட்டுப் புத்தகம் இல்ல. மொத ஆளா யாரு புத்தகத்த நீட்டுதா? அவ. இத்தன ஆம்பளைய இருக்காவ, அவளுக்கு என்ன, பெஞ்சுக்கு மேல எட்டி நீட்டுதா. இவிய வாங்கிக்கிட்டாவ.

நீ சொல்லும்மா. எத்தன வருசமா இதுக்காகத்தான நான் முழங்கால்ல நின்னேன். அந்த நிமிசம் நான் என்ன செஞ்சிருக்கணும்? குதிச்சிருக்கணும். எனக்கு வயிறு எரிஞ்சிது. உள்ளதச் சொல்லுதேன், ஆண்டவர் சமூகத்துல நிக்கேன், காணிக்கை கையில இருக்கு, எனக்கு வயிறு எரிஞ்சிது. எல்லாப் பொம்பளையளும் திரும்பிப் பாக்காளுவ. மொதல்ல அவியளப் பாக்காளுவ, பொறவு அவளப் பாக்காளுவ. என்ன யாரும் பாக்கல.

வெளிய வந்ததும் என் கையப் பிடிச்சி, "எக்கா, உங்க ஜெபத்தக் கேட்டுட்டாரு"ன்னு சொன்னாளுவ. வாயிதான் என்கிட்ட சொல்லிச்சி. கண்ணெல்லாம் எனக்குப் பின்னால அவள தேடிச்சி.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். ஆட்டுக்கறிக் கொழம்பு. சாப்பிட்டாவ. "என்ன திடீர்னு உள்ள வந்துட்டிய"ன்னு கேட்டேன். "தோணிச்சி"ன்னாவ. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னாவ. அவ்வளவுதான். வருசக்கணக்கா போராடினவளுக்கு ஒத்த வார்த்த.

மறுநாளே நான் அவ வீட்டுக்குப் போனேன். வெண்டைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா. வாங்கக்கான்னு எந்திரிக்கப் பாத்தா, மூட்டு விடல. நான் நின்னுக்கிட்டே கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவிய கிட்ட என்ன சொல்லி கோயிலுக்குக் கூப்பிட்ட?"

"நான் கூப்பிடவே இல்லையேக்கா."

"பின்ன எப்படி வந்தாவ? நான் இத்தன வருசமா கூப்பிட்டு வரல."

அவ கத்திய வச்சிட்டு என்னப் பாத்தா. "கோயிலப் பத்தி நாங்க பேசினதே இல்லக்கா. உங்க பையன் எப்படி இருப்பான்னு கேட்டேன். நான் பாத்தது இல்லைல்ல. அதான் கேட்டேன். சார் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா சொன்னாங்க."

"என்ன சொன்னாவ?"

"எல்லாம்தான். அவன் நடக்கிறது, சிரிக்கிறது, அவனுக்குப் பிடிச்ச சாப்பாடு." பொறவு அவ மெதுவா சொன்னா, "தண்ணிய நினைச்சுதான் சாருக்கு ரொம்ப வேதனை. ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் நீச்சல் கத்துக்குடுக்கும்போது, தண்ணிக்குப் பயப்படாத, தண்ணி ஒன்னை ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லித்தான் கத்துக்குடுப்பாங்களாம். ஆல்வினுக்கும் அப்படித்தான். அவனுக்குப் பயத்தை எடுத்து விட்டது நான்தான்ம்மா, கொஞ்சம் பயம் இருந்திருந்தா கரையில நின்னுருப்பான்னு சொல்லி அழுதாங்க. அந்தக் கையோட எப்படி கோயில்ல போய் நிக்கன்னு கேட்டாங்க."

நான் நிக்கேன். அந்த வீட்டுல ஒரு பல்லி கத்துது.

அவ என் முகத்தப் பாத்துட்டு, "உங்ககிட்ட சார் இதெல்லாம் சொல்லலியாக்கா?"ன்னு கேட்டா.

"சொல்லாம இருப்பாவளா, எல்லாம் சொல்லிருக்காவ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கேட்டியாம்மா. ஆண்டவர் மேல கோவம்னு நான் நினைச்சிக்கிட்டு இருக்கேன். அந்த மனுசன் தன் மேல கோவத்துல இருந்திருக்கு. நான் அந்தக் கோவத்த மாத்தும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன், இருக்கது வேற. இது என் தப்பா? என்கிட்ட சொன்னாத்தான எனக்குத் தெரியும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இவியளுக்கு டீக்கடை பெஞ்சுல வச்சி ஊருக்கு வந்தவகிட்ட சொல்லத் தோணுது, என்கிட்ட சொல்லத் தோணல. அவ கேட்டா, அவிய சொல்லிட்டாவ. நான் கேக்கலைன்னு சொல்லுவியா? நான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான இருந்தேன்.

அதுக்கப்பொறம்தான் எனக்கு சோதன ஆரம்பிச்சிது. ஜெபம் வரல. முழங்கால் போட்டு கண்ண மூடினா அவ வாறா. கத்திரிப்பூக் கலரு சேலையும் வெண்டைக்காயும் வருது. ஆண்டவரேன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்த அவளப் பத்தின குத்தமா வருது. இப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. பிள்ள செத்த அன்னைக்குக்கூட ஜெபம் தடையில்லாம வந்திச்சி. சாத்தான் புகுந்துட்டான்னு நினைச்சேன். வெள்ளிக்கிழம உபவாசம் போதாதுன்னு புதன்கிழமையும் போட்டேன். நாக்கு ஒட்டிப் போவும், தல சுத்தும். அப்பவும் அவதான் வருவா. அதுக்காக விட முடியுமா? ஜெபம் வரலன்னாலும் முழங்கால்ல நிப்பேன். சும்மாவாவது நிப்பேன். எந்திரிச்சா தோத்துட்டேன்னு ஆயிரும்.

நற்கருணை ஞாயிறு வந்திச்சி. இவிய அப்பவும் பின்னாலதான் உக்காந்திருந்தாவ. வரிசை வரிசையா ஆல்டருக்கு முன்னால போயி முழங்கால் போடுதாவ. இவிய எந்திரிச்சு என் பெஞ்சுக்குப் பக்கம் வந்து நின்னு, வாறியான்னு மாதிரி என்னப் பாத்தாவ. அதுக்குத்தானம்மா நான் உசுர விட்டேன், எனக்குப் பக்கத்துல முழங்கால் போட வையும்னு. நான் எந்திரிக்கப் போறேன், அப்பப் பாத்து ஜாய்ஸ் எனக்கு முன்ன இருந்து கம்ப ஊண்டிக்கிட்டு எந்திரிக்கா. நாங்க மூணு பேரும் ஒரே வரிசையில போவணும். என்னால முடியல. தல சுத்துதுன்னு சைகை காட்டிட்டு உக்காந்துட்டேன்.

இவிய போனாவ. ஒத்தையில போயி அங்க முழங்கால் போட்டாவ. ஆம்பளைய பக்கம் அவிய, பொம்பளைய பக்கம் அவ நாற்காலில. எனக்குன்னு இருந்த எடம் நடுவுல காலியாக் கெடக்கு. சபை முழுக்கப் பாக்குது. எத்தனையோ வருசமா ஒரு நற்கருணையும் தவற விடாதவ நான்.

ஐயரம்மா வந்து என்னக்கா ஆச்சின்னு கேட்டாவ. அப்பத்தான் ஒன்கிட்ட கேட்டத அவியகிட்டயும் கேட்டேன். ரெண்டு பேருக்குந்தான் பதில் குடுப்பாருன்னு அப்பத்தான் சொன்னாவ.

அப்பொறம் ஒருநாள் மத்தியானம், நான் புதன்கிழம உபவாசத்துல உள்ள இருக்கேன். கதவு சாத்தியிருக்கு. இவிய வந்து வெளிய தரையில உக்காருத சத்தம் கேட்டிச்சி. மூட்டு சொடுக்குற சத்தம் எனக்குத் தெரியும். கதவத் தட்டல.

"புஷ்பம்"ன்னாவ.

"ஜெபத்துல இருக்கேன்."

"சரி, இரு. நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணல." நான் கண்ண மூடிக்கிட்டு வார்த்தைக்குத் துழாவிக்கிட்டு இருக்கேன். அவியளா பேசுதாவ, என்கிட்ட பேசுதாவளா கதவுகிட்ட பேசுதாவளான்னு தெரியாத மாதிரி. "ஜாய்ஸ் போன வாரம் ஒண்ணு கேட்டுச்சி. பயல் மொத மொதல்ல எப்ப கை விட்டு நீந்தினான்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னுதான் நினைச்சேன். சொல்லப் போனா வரல. நாலாப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக் கெணத்துலன்னு சொல்லி வச்சேன். சரியான்னு தெரியல."

எனக்கு உச்சந்தல வரைக்கும் சுர்ருன்னு ஏறிச்சி. பள்ளிக்கூடத்துக் கெணறாம். நாலாப்பாம். அவகிட்ட என் பிள்ளையப் பத்தித் தப்பு தப்பாச் சொல்லி வச்சிருக்காவ. அவ அத மெய்யின்னு நம்பிக்கிட்டு இருப்பா, நாளைக்கு நாலு பேருகிட்ட சொல்லுவா.

நான் உள்ள இருந்தே சொன்னேன். "பள்ளிக்கூடத்துக் கெணறு இல்ல. தேவராசு தோட்டத்துக் கெணறு. மூணாப்புப் பரீட்ச லீவு."

"அப்படியா."

"அப்படியாவா? நான் துண்டோட கெணத்து மேட்டுல நின்னேன். சளி பிடிச்சிருக்கு, வேண்டாம்னு சொன்னேன். நீங்க கேக்கல. இடுப்புக் கயித்த அவுத்து விட்டிய. அவன் ஒரு முங்கு முங்கினான். நான் கத்தினேன்."

"ஆமா, கத்தின."

"முங்கி எந்திரிச்சி, உங்களப் பாக்கல, மேல என்னப் பாத்து சிரிச்சான். எம்மா, நான் மெதக்கேன்னு சொன்னான். மூக்குல தண்ணி ஒழுவுது. மேல் வரிசையில முன்பல் விழுந்திருந்திச்சி."

நான் எந்திரிச்சிக் கதவத் தொறந்தேன். உள்ள இருந்து கத்திக்கிட்டு இருந்தா அவியளுக்கு ஒழுங்காக் கேக்காதுன்னுதான் தொறந்தேன். அவிய செவுத்துல சாஞ்சி உக்காந்திருக்காவ, என்ன நிமிந்து பாக்காவ. "பல்லு விழுந்திருந்திச்சா? எனக்கு அது மறந்தே போச்சி"ன்னாவ.

"எல்லாம் மறந்துட்டு அவகிட்ட என்னத்தச் சொன்னிய?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு நானும் அந்தத் தரையிலயே உக்காந்துட்டேன். சொன்னேம்மா. ஒண்ணு விடாமச் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது எத்தன இருக்கு. அவன் வயித்துல இருக்கும்போது எனக்குப் புளியங்கா வாசன பிடிக்காது. அவன் மொதல்ல சொன்ன வார்த்த அம்மா இல்ல, அப்பாவும் இல்ல, காக்கா. பாலிடெக்னிக்குக்குப் போற அன்னைக்கு பஸ்சுல ஏறிட்டு, எறங்கி வந்து என் சேலத் தலப்புல முகத்தத் தொடச்சிட்டு மறுபடி ஏறினான். இதெல்லாம் எந்த டீக்கடையில சொல்ல முடியும்? சொல்லிக்கிட்டே இருக்கேன், என் சத்தம் என் காதுக்கே வேற மாதிரிக் கேக்குது. பாத்தா நான் அழுதுக்கிட்டு இருக்கேன். உபவாசத்துல ஒடம்பு தளந்து போயிரும்லா, அதான். இவிய என் கையப் பிடிச்சாவ. நான் எடுக்கல.

அப்பத்தான் கேட்டேன். "பயத்த நீங்கதான் எடுத்து விட்டியன்னு அவகிட்ட சொன்னியளாம். என்கிட்ட ஏன் சொல்லல?"

என் கைய விடாம சொன்னாவ, "ஒனக்கு வருத்தமே இல்லைன்னு சபைக்கு முன்னால சொன்னியே புஷ்பம். வருத்தம் இல்லாதவகிட்ட போயி நான் என்னத்தச் சொல்ல?"

ஏம்மா, சாட்சின்னா அப்படித்தான் சொல்லணும். வேற எப்படிச் சொல்லுறது? நீயே சொல்லு.

சரி, விடு. அன்னைக்கு உபவாசத்த முடிக்க மறந்தே போச்சி. பொழுது சாஞ்சி அவியதான் காப்பி போட்டுக் கொண்டாந்தாவ. சீனி கூடிப் போச்சி. குடிச்சேன்.

ஜாய்ஸா? இருக்கா. வெள்ளிக்கிழம வாறா. அதே ரெண்டு வார்த்த ஜெபம். நாற்காலி நான்தான் எடுத்துப் போடுதேன், ஆனா கடைசில போடுதேன். ஆல்வினப் பத்தி அவளுக்கு ஏதாவது கேக்கணும்னா என்கிட்டதான் கேக்கணும்னு சொல்லிட்டேன். அவியளுக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது, தப்பாச் சொல்லுவாவன்னு சொல்லிட்டேன். சரிக்கான்னா. அன்னைக்கே ஒண்ணு கேட்டா. சொன்னேன். சொல்லச் சொல்லக் கேக்கா பாரு, கண்ண எடுக்காமக் கேக்கா. கேக்கத் தெரியுது அவளுக்கு. அது ஒண்ணு உண்டு.

இன்னைக்கு நாங்க எங்க போறோம்னு கேட்டல்லா. அந்த ஆத்துக்குத்தான். ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கணும். அன்னைக்கு இவிய மட்டும்தான் போயி அவனத் தூக்கிக்கிட்டு வந்தாவ. நான் அந்த எடத்தப் பாத்ததே இல்ல. பாத்து என்ன ஆவப்போவுதுன்னு இருந்துட்டேன். முந்தாநாள் அவியளா கேட்டாவ, "ஒரு தடவ போயிட்டு வருவமா, ஒனக்கு முடியுமா"ன்னு. வாறேன்னேன். ஜாய்ஸ் தானும் தொணைக்கு வரட்டுமான்னு கேட்டா. வேண்டாம், நான் இருக்கேன்னு சொல்லிட்டேன்.

ஜெபமா? அதத்தான் நானே ஒன்கிட்ட சொல்ல வந்தேன். இன்னும் சரியாவல. இப்ப அவ முகம் வரதில்ல, அது நின்னுட்டு. ஆனா பழைய மாதிரி வார்த்தையும் வரமாட்டேங்கு. முழங்கால் போட்டா ஆல்வின், ஆல்வின்னு அவன் பேருதான் வருது. அதுக்கு மேல ஒண்ணும் வரல. இதெல்லாம் ஜெபத்துல சேருமான்னு எனக்குத் தெரியல, சேராதுன்னுதான் நினைக்கேன்.

ஆனாலும் நான் எந்திரிக்கதில்லம்மா.